தண்ணீர் குடித்துக் காட்டியவர்

1

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இவர் சொன்னார். ஆறினால் நான் எழுத மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

எங்கள் கல்யாண நாளுக்கு மகள் ஆரணி இந்த முறை சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிப்போகவில்லை, மலைக்குக் கூட்டிப்போனாள். நாங்கள் இருக்கும் கலிபோர்னிய நகரத்தின் வடக்கு எல்லையிலேயே மலை தொடங்கிவிடுகிறது. கடைத்தெருவில் இருந்து கொஞ்சத் தூரம் கார் ஓடினால் ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே ஓடை, ஓடைக்கு மேலே வெயில் விழாதபடி மரங்கள். ஓடையோடு ஏறிப்போனால் முடிவில் ஒரு அருவி. வருடம் முழுக்க விழுகிற அருவி இல்லை. மாரியில் மழை பெய்தால் சித்திரை வரைக்கும் விழும், பிறகு பாறையில் ஒரு ஈரக்கோடுதான் மிஞ்சும். இந்த நகரத்துக்கு வந்து தலை நரைத்துவிட்டது, நானும் இவரும் அதைப் பார்த்ததில்லை. இவர் என்றால் என் வீட்டுக்காரர் சிவம். ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு வேலை, பிள்ளை, வீட்டுக்கடன் என்று சொல்லிச் சமாளித்து வந்தோம்.

அன்று சமாளிக்க முடியவில்லை. ஆரணி காலுக்குச் சப்பாத்துக்கூட வாங்கி வைத்திருந்தாள். சரியென்று போனோம். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கல்லில் கல்லாகக் கால்வைத்து ஓடையை அங்கும் இங்கும் தாண்ட வேண்டும். நான் தாண்டும்போது இவர் கை தந்தார். ஆரணி பின்னால் நின்று போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாண நாள் வீடியோ செய்யப்போகிறாளாம்.

பள்ளத்தாக்கு ஒடுங்குகிற ஒரு வளைவில் காட்டிலாகாக்காரர் ஒருவர் எதிரே வந்தார். காக்கிச் சட்டை, பச்சைக் காற்சட்டை, நெஞ்சில் உலோகச் சின்னம், இடுப்பில் வோக்கி டோக்கி. மேலே ஏறுகிறவர்கள் தண்ணீர் இல்லாமல் மயங்கி விழுகிறார்களாம், அதனால் வருகிற எல்லோரையும் கேட்பார்களாம். எங்களுக்கு முன்னால் போன சோடியையும் அவர் கேட்டதைப் பார்த்தேன். இவருடைய பையை நோக்கிக் கையை நீட்டி, "தண்ணீர் வைத்திருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? பாதையை விட்டு ஒதுங்கிப் பாறையோடு நின்றார். பையைத் தோளில் இருந்து இறக்கி, சிப்பை இழுத்துத் திறந்து, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி விரித்துப் பிடித்தார். போத்தலை எடுத்து மூடியைத் திருகி ஒரு மிடறு குடித்தார். விழுங்கியதும் தெரியட்டும் என்று வாயைத் திறந்து காட்டினார். பிறகு கைகளை உடம்பில் இருந்து சற்று விலக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

காட்டிலாகாக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நல்ல மனிதர், சிரித்தார். "அப்படித்தான் சேர், அடிக்கடி குடிக்க வேண்டும். இந்தக் கிழமை அருவி நன்றாக விழுகிறது, தவறவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆரணி வெடித்துச் சிரித்தாள். "அப்பா, அவர் தண்ணி இருக்கோ எண்டுதான் கேட்டவர். குடிக்கச் சொல்லேல்ல." பின்னால் வந்த இரண்டு இளம் பெடியளும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு நாலடி நடந்ததும் நின்றார்.

"முழங்கால் நோகுது பிள்ளை. நீயும் அம்மாவும் போட்டு வாங்கோ, நான் காருக்குப் போறன்."

வளைவுக்கு அப்பால் அருவியின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. இவருடைய முழங்காலில் ஒரு நோவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எல்லோரும் திரும்பி வந்தோம்.

2

கொழும்பு வெள்ளவத்தையில் யுத்த காலத்தைக் கழித்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த நாட்களில் காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டாமல் ஒரு இறாத்தல் பாண் வாங்க ஏலாது. பையைத் திற, அடையாள அட்டையை எடு, எங்கே பிறந்தாய், ஏன் கொழும்புக்கு வந்தாய். பையில் போத்தல் இருந்தால் "பீலா பென்னன்ன" என்பார்கள், குடித்துக் காட்டு என்று அர்த்தம். உள்ளே இருப்பது தண்ணீரா, வெடிக்கிற ஏதாவதா என்று அவர்களுக்கு எங்கள் தொண்டையை வைத்துத்தான் தெரியவேண்டும். கைக்குழந்தையின் பால்போத்தலைத் தாய் உறிஞ்சிக் காட்டியதை என் கண்ணால் பார்த்தேன். காய்ச்சல்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் வாங்கி வந்த மருந்தைக் குடித்துக் காட்டினார். நாங்களும் எத்தனையோ தரம் குடித்துக் காட்டினோம். பிறகு பிறகு அவர்கள் கேட்க முதலே குடித்தோம், நேரம் மிச்சம் என்று.

வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தங்கினால் பொலிசில் பதிய வேண்டும். எங்களுக்கு அறை தந்த வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் ஊரில் இருந்து என் தம்பி வரப்போகிறான் என்றால் போதும், அவருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும். பஸ்ஸில் ஏறினால் வாயில் தமிழ் வரக்கூடாது, நாங்கள் ஊமைகள். இறங்கவேண்டிய இடத்தை இவர் என் முழங்கையில் தட்டித்தான் சொல்வார். கல்யாணம் கட்டிய புதிதில் புருசனும் பெண்சாதியும் பேசிய பாஷை அதுதான்.

எங்களுக்குக் கொழும்பில் இருந்த ஒரே கூட்டாளி தேவன். கொழும்பிலேயே பிறந்த கொட்டாஞ்சேனைக்காரன், அங்கே ஒரு அச்சகத்தில் வேலை செய்தான். இவர் கொழும்புக் கோட்டையில் ஒரு கொம்பனியில் கணக்கு எழுதினார், அந்தக் கொம்பனிக்குத் தேவன் கடிதத்தாள் அச்சடித்துக் கொண்டு வந்தபோது பழக்கம் பிடித்தது. தேவனுடைய பாட்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்க இந்தியாவில் இருந்து வந்தவர். தகப்பனுக்கும் துறைமுகம்தான். எங்கள் ஊரான யாழ்ப்பாணத்தை இவன் கண்ணால் கண்டதில்லை. சிங்களமோ, தண்ணீர் மாதிரி ஓடும். ஒழுங்கைப் பெடியளோடு கரம்போர்ட் விளையாடிப் படித்த சிங்களம். அவனோடு போனால் எங்களுக்குப் பயம் பாதியாகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அறைக்கு வந்து என் கையால் பிட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு எங்களையே நக்கலடிப்பான்.

"நீங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க கொழும்பைப் பாத்ததே இல்ல. காலி ரோடு, கோயிலு, பொலிஸு. இது மூணும்தான் கொழும்பா? தங்கச்சி, ஒரு நாள் வாங்க. மழை நேரம் மட்டும் விழுற அருவி ஒண்ணு இருக்கு. நான் சின்னப் புள்ளைல இருந்து போற எடம். வெயிலே படாது."

தங்கச்சி என்றது என்னை. இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான்தான் போவோம் என்றேன்.

3

மலையால் திரும்பி வந்த அன்று பின்னேரமே ஆரணி வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். "சொன்ன சொல் கேட்கும் அப்பா" என்று மேலே எழுதியிருந்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. இவருக்கு ஒரு செல்லப் பெயர் வைக்கிற மாதிரித்தான் செய்தாள்.

லண்டனில் இருக்கிற என் தங்கச்சி கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டாள். அவளும் வெள்ளவத்தையில் இருந்தவள்தான். காலி வீதியில் போத்தலைத் திறந்து குடித்தவள்தான். மறந்துவிட்டாளாம், அல்லது மறந்த மாதிரி இருக்கிறது அவளுக்கு வசதி. கனடாவில் ஒரு மருமகன் அதை எடுத்து ஊர் உலகம் பார்க்கிற இடத்தில் போட்டான், சினிமாப் பாட்டு ஒன்றும் பின்னால் சேர்த்து. முகம் தெரியாதவர்கள் எல்லாம் கீழே எழுதினார்கள். "பயந்தாங்கொள்ளி மாமா." "பள்ளிக்கூடத்தில் இவர்தான் முதல் பிள்ளை." "காதையும் காட்டியிருக்கலாம்."

நான் வாசித்து வாசித்துக் கொதித்தேன். இவரோ கதிரையில் இருந்து, "விடும். சிரிச்சிட்டுப் போகட்டும்" என்றார். இவருக்கு எல்லாமே விடும்தான். குடியுரிமை நேர்முகத்துக்கு இவர் தூக்கிக்கொண்டு போன கடதாசிப் பையைப் பார்த்து அந்த அதிகாரி, வீடு மாறுகிறீர்களா என்று கேட்டார். அன்றும் சிரித்துவிட்டு வந்தார். பிறப்புச் சான்றிதழில் இருந்து என் தகப்பனின் மரணச் சான்றிதழ் வரைக்கும் அதற்குள் இருந்தன. அதிகாரி பார்த்தது ஒன்றே ஒன்று.

சாப்பிட இருக்கும்போது இவர் ஒரு கேள்வி கேட்டார்.

"தேவன் பாத்திருப்பானோ?"

அதன் பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. என் அண்ணன் மகன் ஒருவன் இப்போதும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறான். அவனுடைய கடைக்கு விளம்பரத் தாள் அச்சடிக்கிறவன் தேவன். ஊர் முழுக்கச் சிரித்த ஒன்றை அவன் தேவனுக்குக் காட்டாமல் விட்டிருப்பானா? எங்களைப் பார்த்து உலகமே சிரித்தாலும் நான் பொறுத்திருப்பேன். தேவன் அதைப் பார்த்தான் என்றால், அவன் பட்டதை நாங்கள் கூத்தாக்கிவிட்டோம் என்றல்லவா நினைப்பான்?

மகளின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"அதை அழி."

"ஏன் அம்மா? எல்லாரும் அப்பாவை எவ்வளவு லவ் பண்ணீனம் பாருங்கோ. சும்மா ஃபன்."

"அழி எண்டு சொல்லுறன். அழிச்சிட்டு இதில இரு. உனக்கு ஒரு கதை சொல்லவேணும்."

4

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு போயா, பௌர்ணமி விடுமுறைக்குப் போனோம், நானும் இவரும் தேவனும். மழைக்காலம். புறக்கோட்டையில் பஸ் ஏறி அவிசாவளைப் பக்கம் போய், சின்ன பஸ் ஒன்று மாறி, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இறங்கினோம். நான் பொட்டை வீட்டிலேயே அழித்துவிட்டேன், தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊசி குத்தினேன். எங்கள் பையில் அடையாள அட்டைகள், பொலிஸ் பதிவின் பிரதி, இவருடைய வேலையிடத்துக் கடிதம், கல்யாணப் பதிவு. அருவி பார்க்கப் போகிறவர்கள் கல்யாணப் பதிவைக் கொண்டுபோவதை வேறு எந்த நாட்டிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தேவன் அடையாள அட்டையை மட்டும் சட்டைப்பைக்குள் போட்டிருந்தான். பதிவு எங்கே என்று இவர் கேட்டார்.

"நான் எதுக்குடா பதியணும்? பொறந்த வீட்டுல இருக்கேன்" என்றான்.

பஸ் இறங்கிய இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்கார அம்மா, "கொஹேத மல்லி யன்னே?" என்று தேவனைக் கேட்டா. எங்கே போகிறாய் தம்பி என்று. அவன் ஏதோ பகிடி விட்டான், அந்த மனுசி சிரித்துவிட்டு எங்களுக்கு வாழைப்பழம் தந்தா, காசு வாங்கவில்லை. அந்த அம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஓடைக்குள் இறங்கியதும் உலகமே மாறிவிட்டது. மேலே மரங்கள் கைகோத்துக்கொண்டு நின்றன. பச்சை இருட்டு, குளிர், காலில் அட்டை. தேவன் முன்னால் போய் ஒரு கல்லில் ஏறி நின்றான்.

"இங்க ஒரு பய இல்ல. பேசுங்க. கத்திப் பேசுங்க."

முதலில் எங்களுக்குச் சத்தம் வரவில்லை. பிறகு நான் "இஞ்சேருங்கோ" என்று இவரைக் கூப்பிட்டேன். பாறை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது. இவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு ஒன்றை நான் தொண்டை கிழியப் பாடினேன். கொழும்புக்கு வந்த பிறகு வீட்டுக்கு வெளியே நான் வாய்விட்டுத் தமிழ் பேசியது அன்றுதான். சந்தோசமாக இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்த நேரங்கள் குறைவு.

கீழே குளித்துக்கொண்டிருந்த யாருக்கோ அது கேட்டிருக்கிறது. காட்டுக்குள் தமிழ்ச் சத்தம். வேறென்ன வேண்டும்? அருவியின் இரைச்சல் காதில் விழுகிற தூரத்துக்கு வந்துவிட்டோம், இன்னும் ஒரு வளைவுதான் என்று தேவன் சொன்னான். அப்போது பின்னால் இருந்து இரண்டு பொலிஸ்காரரும் பொல்லுத் தடிகளோடு நாலைந்து ஊராட்களும் ஏறி வந்தார்கள்.

பாறையோடு நிற்க வைத்தார்கள். பையைக் கவிழ்த்தார்கள். போத்தலைத் தூக்கிக் காட்டினார்கள், இவர் குடித்துக் காட்டினார். எங்கள் கடதாசிகளை ஈரக் கல்லில் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். காட்டுக்குள் என்ன வேலை, என்ன ஆயுதப் பயிற்சி என்று கேட்டார்கள். இவருக்கு வந்த சிங்களம் "மகத்தயா", அதாவது ஐயா, என்ற ஒரு சொல்தான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

தேவன் முன்னுக்கு வந்தான். எங்களைக் காப்பாற்றத்தான் வந்தான். சிங்களத்தில் கடகடவென்று பேசினான். இவர்கள் புதுசாகக் கல்யாணம் முடித்தவர்கள், அருவி காட்டக் கூட்டி வந்தேன் என்றான். நடுவே பகிடியும் விட்டான், பொல்லோடு நின்றவர்களில் ஒருவன் சிரிக்கக்கூடச் செய்தான். பெரிய பொலிஸ்காரன் சிரிக்கவில்லை. அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

உனக்கு எப்படி இவ்வளவு நல்ல சிங்களம் என்று கேட்டான். கொட்டாஞ்சேனையில் பிறந்தேன் சேர் என்றான் தேவன். தமிழன் இப்படிப் பேச மாட்டான், யார் உன்னைப் பழக்கினது என்றான் அவன். பதிவுத் துண்டு எங்கே என்றான்.

பொலிஸ் நிலையத்தில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். தேவனைக் காலையில் விடுவோம் என்றார்கள். அந்தக் காலை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வழக்கும் இல்லை, குற்றப்பத்திரமும் இல்லை. ஒரு நாள் கதவைத் திறந்து போ என்றார்களாம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு அந்த நாட்டில் எங்கே போனாலும் கடதாசி வேண்டும் என்று தெரியும். அதனால் தப்பினோம். தேவன் அந்த ஊரைத் தன் ஊர் என்று நம்பினான், அதனால் மாட்டினான். மொழி தெரியாததால்தான் சண்டை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மொழி தெரிந்தவனைத்தான் கொண்டுபோனார்கள் என்று அவர்களின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஆசை.

தேவனின் தாயோடு நானும் பார்சல் கட்டிக்கொண்டு போய்ச் சிறை வாசலில் நின்றிருக்கிறேன். அந்த அம்மா ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா.

"நீங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க, உங்கள விட்டுட்டானுங்க. என் புள்ள இங்கனயே பொறந்தவன். அவன ஏம்மா புடிச்சானுங்க?"

குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டா. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

5

ஆரணி கட்டிலில் காலை மடக்கிச் சப்பாணி கட்டிக்கொண்டு கேட்டாள். அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும், அது சிவந்திருந்தது.

"ஏன் எனக்கு இதை முதலே சொல்லேல்ல?"

"என்னெண்டு சொல்லுறது? எப்ப சொல்லுறது? உன்னை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கயோ?"

"அப்பா என்னை ஒரு காம்பிங்குக்கும் விடேல்ல. நான் எவ்வளவு அழுதனான். ஏதோ பாம்புக்குப் பயம் எண்டெல்லோ நினைச்சனான்."

பாம்பு என்று சொன்னவளும் நான்தான்.

வீடியோவை அழித்துவிட்டேன் என்றாள். உன் போனில் அழித்தால் போதுமா, கனடாவில் ஆடிக்கொண்டிருக்கிறதை யார் அழிக்கிறது என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாதுதான். பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆனால் அன்று எனக்கு யார் மேலாவது கத்த வேண்டியிருந்தது, அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு எல்லாரையும் விட அந்தக் காட்டிலாகாக்காரர் மேல்தான் கோபம். வேடிக்கையாக இருக்கிறதா? அந்த மனிதர் ஒரு பிழையும் செய்யவில்லை. உடுப்புப் போட்ட ஒருவர், காட்டுப் பாதையில் எங்களை மறித்து, தண்ணீர் இருக்கிறதா, அருவியைத் தவறவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். இவ்வளவுதானா? இது இவ்வளவு லேசான வேலையா? சம்பளம் கூடக் கேட்கவில்லை, சட்டம் மாற்றவில்லை, ஒரு கமிஷனும் வைக்கவில்லை. வாயைத் திறந்து இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லுக்கு எங்கள் நாட்டில் ஆள் இல்லாமல் போனதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

தேவன் வெளியே வந்த பிறகு ஒரே ஒரு முறைதான் அவனை நேரில் பார்த்தோம். எங்களுக்கு விசா கிடைத்திருந்தது. அறைக்கு வந்தான், மெலிந்திருந்தான், தேத்தண்ணி குடித்தான். உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இங்கே வந்த பிறகு தீபாவளிக்கும் வருடப் பிறப்புக்கும் போன் எடுப்போம். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், சீனி வருத்தம் எப்படி, அச்சுத்தாள் என்ன விலை. அருவி என்று ஒன்று உலகத்தில் இல்லாத மாதிரிக் கதைப்போம். அந்தப் பேச்சை எடுத்தால் அவன் உடைந்துபோவான் என்று இவருக்குப் பயம். கொழும்பில் பிறந்தவன் இனி அந்தச் சிங்களத்தை வாயில் எடுப்பானா, மழைக்காலம் வந்தால் என்ன செய்வான் என்று நான் நினைத்து நினைத்து இவ்வளவு காலமும் கழித்தேன். இங்கேயும் அருவி இருக்கிறது என்று தெரிந்தும் நாங்கள் போகாமல் இருந்தது அதனால்தான். அவனுக்கு இல்லாதது எங்களுக்கு எதற்கு?

6

சனிக்கிழமை காலை தேவன் போன் எடுத்தான். தீபாவளியும் இல்லை, வருடப் பிறப்பும் இல்லை. திரையில் அவன் பேரைக் கண்டதும் இவர் எழுந்து நின்றுவிட்டார். நான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். ஆரணியும் வந்து கதவோடு நின்றாள்.

"மச்சான், பாத்தேன்டா" என்றான்.

"தேவன், அது... பிள்ளை தெரியாமல் போட்டிட்டாள். அவளுக்கு ஒண்டும் தெரியாது" என்றார் இவர்.

"தெரியும். நீ வாயத் தொறந்து காட்டுற பாரு, அதுல எனக்குச் சிரிப்பு வரல. அத வுடு. அந்த எடம் நம்ம எடம் மாதிரியே இருக்குடா. மரம், கல்லு எல்லாம். அருவி எப்படி? ஒசரமா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"பாக்கேல்ல" என்றார் இவர்.

"பாக்கலயா? ஏன்?"

"முழங்கால் நோ. திரும்பி வந்திட்டம்."

அச்சகத்தில் இரவு வேலைபோலும், அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற இரைச்சல் கேட்டது. "பொட்டக் இன்ன மல்லி" என்று யாரையோ கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். பிறகு தாளை எப்படி வெட்டவேண்டும், எங்கே மடிக்கவேண்டும் என்று அந்த யாருக்கோ சிங்களத்தில் மளமளவென்று சொல்லி, ஒரு பகிடியும் விட்டான். அங்கே யாரோ சிரித்தார்கள். அதே சிங்களம். ஒரு சொல் குறையவில்லை.

அவன் திரும்பி வந்தபோது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தேவண்ணை, நீங்கள் இப்பவும் சிங்களம் கதைக்கிறீங்களோ?"

"ஏன் தங்கச்சி, பேசக்கூடாதா? எங்க படிச்சே, எங்க படிச்சேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சானுங்க. கொட்டாஞ்சேனைல படிச்சேன்னு சொல்லிச் சொல்லி அடி வாங்கினேன். அவ்வளவு அடி வாங்கி வச்சிருக்க பாஷைய எதுக்கு வுடணும்? அது என்னோடது."

"அங்க... அந்த இடத்துக்கு?" என்று இவர் இழுத்தார்.

"அருவிக்கா? வருஷா வருஷம் போறேன். வெளிய வந்த மழைக்கே போனேன். எங்கம்மா குறுக்க வந்து படுத்துச்சு, தாண்டிக்கிட்டுப் போனேன். என் புள்ளைங்கள எல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டியாச்சு. நீங்க ரெண்டு பேருதான் பாக்கல. கூட்டிட்டுப் போயி ஒரு வளைவுல காட்டாம வுட்டுட்டேனேன்னு எனக்கு எவ்வளவு நாளு வயித்தெரிச்சல் தெரியுமா? சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு வாயத் தொறக்கல."

இவர் ஏதோ சொல்லப் பார்த்தார். தேவனின் குரல் ஏறிக்கொண்டே வந்தது.

"அன்னைக்குப் பொலிஸ் மறிச்சான், திரும்பினோம். சரி. அங்க ஒன்ன எவன்டா மறிச்சான்? தண்ணி இருக்கான்னு கேட்டான் ஒருத்தன். அதுக்குத் திரும்பி வந்தியா? முழங்கால் கிழங்கால்னு எங்கிட்ட பொய் சொல்லாத. அங்க தண்ணி எப்ப வத்தும்?"

"இன்னும் கொஞ்ச நாளில."

"அப்ப எந்திரிச்சுப் போ. பாத்துட்டுப் போன் எடு. பாக்காம எனக்கு எடுக்காத."

வைத்துவிட்டான். இவர் மேசையில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். தேவனுக்காக இத்தனை காலமும் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நான் நினைத்திருந்தேன். அவனுக்குக் கோபம் எங்கள் மேல்.